தொட்டிக்குள் ராட்சசன்: கேள்வி – பதில்

இந்தத் தடவை தபால் பை முழுக்க ஒரே மரம்: கலிஃபோர்னியாவின் ராட்சத செக்கோயா. பருமனில் உலகின் முதல் மரத்தைத் தொட்டியில் வளர்க்கக் கிளம்பியிருக்கும் வாசகர் கூட்டத்துக்கு என் முழு ஆதரவு. கேளுங்கள்!

கே: செக்கோயா விதை என்று வாங்கினேன். பிரித்தால் தவிடு மாதிரி ஏதோ இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (ஃபிரீமான்ட் வாசகர்)

ப: இல்லை, அதுதான் விதை. அரை சென்டிமீட்டர் நீளம், இரு பக்கமும் மெல்லிய சிறகு. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 2 லட்சம் நிற்கும். செக்கோயா தேசியப் பூங்காவில் 84 மீட்டர் உயரத்தில் நிற்கிறதே ஜெனரல் ஷெர்மன், அதுவும் ஒரு நாள் இப்படித்தான் மண்ணில் விழுந்தது. தும்மாமல் பிரியுங்கள்.

கே: என் கணவர் ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஈரக் காகிதத்தில் விதை சுற்றி வைத்திருக்கிறார். மாதக்கணக்கில் இருக்கும் என்கிறார். நியாயமா? (ஈலிங் வாசகி)

ப: நியாயம்தான் அம்மா. சியரா நெவாடா மலையில் விதை பனிக்கடியில் கிடந்து வசந்தத்தில் முளைப்பது. உங்கள் ஃபிரிட்ஜ் அந்தப் பனிக்காலத்துக்கு மாற்று. ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஈரக் காகிதத்தில் சுற்றி, 1 முதல் 5 டிகிரி குளிரில் 30 முதல் 60 நாள் வைத்தால் ஒன்றுசேர முளைக்கும். வாரம் ஒருமுறை பிரித்துப் பூசணம் பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ரீசரில் மட்டும் வைக்கவிடாதீர்கள். மாவு உங்கள் இலாகா, விதை அவர் இலாகா, ஃபிரிட்ஜ் கூட்டாட்சி.

கே: நெருப்பு பட்டால்தான் செக்கோயா முளைக்கும் என்கிறார்களே, விதையை வாணலியில் லேசாகப் புரட்டலாமா? (சாக்ரமென்டோ வாசகர்)

ப: புரட்டினால் தாளிதம்தான் கிடைக்கும்! நெருப்பு வேண்டியது காய்க்கு, விதைக்கு அல்ல. செக்கோயாவின் பச்சைக் காய் மரத்திலேயே 20 ஆண்டுவரை மூடிக் கிடக்கும். காட்டுத்தீயின் வெப்பம் மேலே ஏறிக் காய்களை உலர்த்தியதும் செதில்கள் விரிந்து விதை கொட்டும். கீழே தீ சருகை எரித்து வெறும் மண்ணை விரித்து வைத்திருக்கும். நிழல் விலகி வெயில் விழும், மண்ணில் பூஞ்சையும் குறைந்திருக்கும். ஒரே தீ, நாலு வேலை.

தீ வராத ஆண்டுகளில் டக்ளஸ் அணில் காய்ச் செதிலைக் கொறிக்கும்போது கொஞ்சம் சிந்தும். காயைக் குடையும் ஒரு வண்டும் இதே உதவியைச் செய்கிறது. மனிதர்களோ தீயை அண்டவிடாமல் மரத்தைக் காக்கிறோம் என்று பல பத்தாண்டுகள் நின்றார்கள். தோப்புகளில் இளங்கன்றே அரிதாகிப்போனது. 1960களில் ரிச்சர்ட் ஹார்ட்ஸ்வெல்ட் போன்ற ஆய்வாளர்கள் சிறு சிறு தீ வைத்துப் பார்த்தபின்தான் காரணம் புரிந்தது. பொத்திப் பொத்தி வளர்த்தால் இந்த மரம் வம்சமே விடாது. தொட்டிக்காரர்கள் இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிப் பதில்கள் இதுதான்.

கே: என்ன மண் போடுவது? (சியாட்டில் வாசகி)

ப: வடியும் மண். மக்கிய மரப்பட்டைத்தூள் அல்லது தென்னைநார்க் கழிவு பாதி. பெர்லைட்டோ பருமணலோ மீதி. இலேசான அமிலத்தன்மை இருந்தால் நல்லது. தோட்டத்து மண்ணை அள்ளிப் போடாதீர்கள். தொட்டிக்குள் அது இறுகும். நார்க்கட்டியைத் திருப்பிப் பாருங்கள், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ கப்பலேறியதாக இருக்கலாம். ஊர்ப்பாசத்தில் அப்படியே போட்டுவிட வேண்டாம். உப்பு இருக்கும், இரண்டு தண்ணீர் அலசிவிட்டுப் போடுங்கள்.

கே: முளைத்த நாற்றின் தலையில் விதைத்தோல் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிய்க்கலாமா? (சூரிச் வாசகர்)

ப: கையை எடுங்கள்! உள்ளே வழக்கமாக நாலு விதையிலை மடங்கி இருக்கிறது. இழுத்தால் தொப்பியோடு தலையும் வரும். காலை, மதியம், மாலை ஒரு சொட்டுத் தண்ணீரைத் தொப்பியின் மேல் வையுங்கள். தோல் நெகிழ்ந்ததும் இலைகளே தள்ளிவிடும். இரண்டு நாளாகியும் அசையவில்லை என்றால், நன்றாக ஊறியபின் பல்குத்தியின் முனையால் ஓரத்தை மெல்ல நெம்பலாம். அவசரக்காரர் வேலையை வீட்டில் நிதானமான ஆளிடம் கொடுக்கவும்.

கே: நேற்றுவரை நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலை படுத்துக் கிடக்கிறது. அடித்தண்டு நூலாகச் சுருங்கியிருக்கிறது. எப்படி எழுப்புவது? (வான்கூவர் வாசகி)

ப: படுத்தது எழாது தாயே. நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சைக் கூட்டம் மண் மட்டத்தில் தண்டைத் தின்றுவிட்டது. இனி பக்கத்து நாற்றுகளைப் பாருங்கள். விழுந்ததைச் சுற்றியுள்ள மண்ணோடு கரண்டியால் அள்ளி வெளியே போடுங்கள். மூடிய பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி எறியுங்கள். சின்ன மின்விசிறியைத் தூரத்தில் வைத்துக் காற்று அசையவிடுங்கள். தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல் தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மேல்மண் உலர்ந்து தெரிய வேண்டும். அங்கே ஒரு விரற்கடை பருமணல் தூவினால் தண்டின் கழுத்து ஈரத்தில் நிற்காது.

லவங்கப்பட்டைத் தூள் தூவலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். காற்று இல்லாத இடத்தில் எந்தத் தூளும் நாற்றைக் காப்பாற்றாது. பட்டை பிரியாணிக்கு இருக்கட்டும்.

கே: 20 விதை போட்டேன், 6 முளைத்தது, 2 மிஞ்சியது. எனக்குக் கைராசி இல்லையோ? (மெல்பர்ன் வாசகர்)

ப: கைராசிக்குக் குறைவில்லை. நல்ல விதையே பாதிக்கு மேல் முளைக்காமல் போவது சகஜம். காட்டிலோ, வசந்தத்தில் முளைத்த நாற்றுகளில் மிகப் பெரும்பாலானவை முதல் கோடையிலேயே கருகிவிடும்; வேர் இறங்கும் வேகத்தைவிட மண் காயும் வேகம் அதிகம். இருபதுக்கு இரண்டு என்றால் நீங்கள் சியரா நெவாடாவைத் தோற்கடித்துவிட்டீர்கள்.

கே: கண்ணாடி ஜன்னலோரம், ஹீட்டர் கதகதப்பு, தினமும் தண்ணீர், எல்லாம் தருகிறேன். ஆனாலும் நாற்று மெலிந்து நீண்டு வெளிறுகிறது. (ஆஸ்லோ வாசகி)

ப: எல்லாம் தருகிறீர்கள், அதுதான் நோய்! இது வீட்டுச் செடி அல்ல, மலை மரம். 1,400 முதல் 2,150 மீட்டர் உயரத்தில், இடுப்பளவு பனியில் நின்று பழகிய இனம். ஜன்னல் வெளிச்சம் பற்றாது, ஹீட்டர் காற்று இலையை உலர்த்தும், அந்த வறட்சியில் சிலந்திப்பேன் குடியேறும். உறைபனி விலகியதும் வெளியே வையுங்கள். ஆனால் ஒரேயடியாக வெயிலில் தள்ளாதீர்கள். முதல் வாரம் நிழல், அடுத்த வாரம் காலை வெயில், பிறகு முழு வெயில். வீட்டுக்குள் இருந்தால் உங்கள் பிள்ளை. வெளியே போனால்தான் மரம்.

கே: குச்சி கட்டித் தாங்கல் கொடுக்கலாமா? காற்றில் ஆடுகிறது. (எடின்பரோ வாசகர்)

ப: ஆடட்டும். ஆட ஆடத்தான் தண்டு பருக்கும். தாங்கிப் பிடித்தால் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

கே: நுனி தொங்குகிறது. தண்ணீர் விட்டேன், இன்னும் தொங்கியது. மேலும் விட்டேன், இப்போது அடி இலை பழுப்பாகிறது. என்ன செய்ய? (ஹாரோ வாசகர்)

ப: குவளையைக் கீழே வையுங்கள். தொட்டிச் செக்கோயாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் செத்துப்போகின்றன. தண்ணீர் குறைந்தாலும் நுனி தொங்கும், வேர் அழுகினாலும் நுனி தொங்கும். இரண்டுக்கும் மேலே ஒரே முகம். வித்தியாசம் அடியில்தான் தெரியும்.

ஆகவே விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் தாகம்: தொட்டியை முக்கால் பங்கு தண்ணீரில் இறக்கி, குமிழி நிற்கும்வரை வைத்து எடுத்தால் அநேகமாக மறுநாளுக்குள் நிமிரும். சேறாக ஒட்டினால் விஷயம் வேறு. தொட்டியைக் கவிழ்த்துச் செடியை மண்ணோடு உருவி, அடிப்பக்கத்தை மோந்து பாருங்கள். நல்ல மண் மழை வாசம் அடிக்கும், அழுகிய வேர் சாக்கடை வாசம் அடிக்கும். வெளிர் நிறத்தில் விறைப்பாக இருக்கும் வேர் உயிரோடு இருக்கிறது. கறுத்து, இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று நடுநரம்பு மட்டும் கையில் நிற்பது செத்த வேர், கத்தரியால் வெட்டிவிடுங்கள். புதிய, வடியும் கலவையில், வேர் கொள்ளுமளவே உள்ள சிறிய தொட்டியில் நடுங்கள். பெரிய தொட்டியில் நட்டால் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரம் கோத்து மறுபடி அதே கதை.

இரண்டு மூன்று வாரம் நிழல், நல்ல காற்று, மேல்மண் உலர்ந்தால் மட்டும் தண்ணீர். பிழைத்தால் நுனியில் புதுப் பச்சை தெரியும். அதுவரை உங்கள் வேலை பார்ப்பது மட்டும்.

கே: நோயாளிச் செடிக்குக் கொஞ்சம் உரம்? (ஹாரோ வாசகரே, அடுத்த கடிதத்தில்)

ப: கூடாது! வேரில்லாத செடிக்கு உரம் போடுவது காய்ச்சல்காரனுக்குப் பந்தி போடுவது. நன்றாக வளரும் செடிக்கு, வசந்தம் முதல் கோடை நடுவரை, பாக்கெட்டில் சொன்னதில் பாதி அளவு போதும். இலையுதிர் காலத்தில் தழைச்சத்து கொடுத்தால் இளந்தளிர் விட்டுக் குளிரில் கருகும்.

கே: வேர்ப்பூஞ்சைத் தூள் விற்கிறார்கள். போடலாமா? (போர்ட்லாண்ட் வாசகர்)

ப: பொட்டலத்தின் பின்பக்கம் படியுங்கள். வேருக்குள் நுழைந்து வாழும் ஆர்பஸ்குலர் வகைப் பூஞ்சைதான் செக்கோயாவின் கூட்டாளி. பைன் மரத்துக்கு உதவும், வேரை வெளியே போர்த்தும் வகை இதனோடு சேராது. வகை தப்பினால் நீங்கள் வாங்கியது விலை உயர்ந்த தூசு.

கே: புதுத்தளிர் மஞ்சளாக வருகிறது. தண்ணீர், வெயில் எல்லாம் சரி. (குரோய்டன் வாசகி)

ப: உங்கள் கெட்டிலின் அடியைப் பாருங்கள் அம்மா, வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். லண்டன் குழாய்த் தண்ணீர் கடினநீர், சுண்ணாம்பு அதிகம். அது தொட்டியில் சேரச் சேர மண்ணின் அமிலத்தன்மை போய், இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள். லண்டனில் அதற்கா பஞ்சம்?

கே: நவம்பரில் கன்று முழுக்கச் செம்பு நிறமாகி, இப்போது ஊதா அடிக்கிறது. போய்விட்டதா? (பர்மிங்ஹாம் வாசகர்)

ப: போகவில்லை, போர்த்திக்கொண்டிருக்கிறது. இளஞ்செக்கோயா குளிருக்குச் செம்பு, ஊதா என்று நிறம் மாறும். வசந்தத்தில் பச்சை திரும்பும். சந்தேகமிருந்தால் சிறு கிளையை வளையுங்கள். வளைந்தால் உயிர். ஒடிந்தால், தண்டில் நகத்தால் சிறிது சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் காத்திருங்கள். ஏப்ரலுக்கு முன் எந்தச் செக்கோயாவையும் குப்பையில் போடாதீர்கள்.

கே: என் செக்கோயா குளிர்காலத்தில் எல்லா இலையையும் கொட்டிவிட்டது! (பாரிஸ் வாசகி)

ப: இலையோடு சிறு குச்சிகளும் சேர்ந்து கொட்டியிருந்தால், மரத்துக்கு ஒன்றுமில்லை, அட்டையில் பெயர்தான் தப்பு. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் மெட்டாசெக்கோயா. இலையுதிர்க்கும் சீன உறவினர். ஜப்பானிய அறிஞர் ஷிகேரு மிகி 1941இல் புதைபடிவத்தை வைத்துப் பெயரிட்ட இனம். அதே பத்தாண்டில் சீனாவில் உயிரோடு நின்ற மரங்களே அகப்பட்டன. அழிந்ததாக எண்ணிய மரம் உங்கள் பால்கனியில் நிற்கிறது. அழாதீர்கள், அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கே: வெளியே வை என்கிறீர்கள். எங்கள் ஊரில் ஜனவரியில் மைனஸ் 20! (டொராண்டோ வாசகர்)

ப: தரையில் நட்ட வளர்ந்த கன்று கடுங்குளிரைத் தாங்கும். தொட்டி வேர் தாங்காது. நாலு பக்கமும் குளிர் தாக்கும். உங்களுக்கு வழி, சூடேற்றாத கராஜ்: பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தால் போதும், மாதம் ஓரிரு முறை சிறிது தண்ணீர். குளிர் மிதமான ஊர்க்காரர்கள் தொட்டியை விளிம்புவரை தோட்ட மண்ணில் புதைத்து, மேலே சருகு மூடி, காற்று மறைவில் வைக்கலாம். மண் உறைந்திருக்கும்போது வெயிலும் காற்றும் சேர்ந்தால் இலை நீர் இழக்கும், வேரால் ஈடுகட்ட முடியாது. பனிக்காலத்தில் செக்கோயா தாகத்தால் சாகிறது என்றால் நம்ப மாட்டீர்கள். நம்புங்கள்.

கே: எத்தனை ஆழத் தொட்டி? (ஜெனிவா வாசகர்)

ப: அகலத்தைவிட ஆழம் முக்கியம். முதல் ஆண்டில் ஆணிவேர் நேரே கீழே ஓடும். தொட்டியின் அடியை முட்டினால் வட்டமடிக்கத் தொடங்கும். பின்னாளில் தடித்து, தன் வேரே தன் கழுத்தை நெரிக்கும். அடியில் திறந்த நீளக் குழாய்த் தொட்டிகள் நல்லவை. வேர் நுனி காற்றைத் தொட்டதும் நின்று பக்கவேர் விடும். ஆண்டுக்கொரு முறை, தளிர் விடும் முன், ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். கழுத்தை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். வேடிக்கை என்ன தெரியுமா? வளர்ந்த மரத்துக்கு ஆணிவேரே இராது. ராட்சசன் நிற்பது நாலைந்து மீட்டர்கூட ஆழமில்லாத, அகலப் பரந்த வேரில்.

கே: உச்சி கருகிவிட்டது, இப்போது இரண்டு நுனி போட்டியிடுகிறது. (டப்ளின் வாசகி)

ப: இரட்டைத் தலைமை எந்தக் கட்சிக்கும் ஆகாது. நேரானதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள்.

கே: போன்சாய் செய்யலாமா? (ஒசாகா வாசகர்)

ப: செய்யலாம், அடித்தண்டு நன்றாகப் பருக்கும். ஆனால் வெளியேதான் வைக்க வேண்டும். குட்டி ராட்சசனுக்கும் குளிர்காலம் கட்டாயம்.

கே: சென்னையில் மொட்டை மாடியில் வளருமா? (மயிலாப்பூர் வாசகர்)

ப: வளராது ஐயா. உங்கள் மார்கழிக் குளிர் அதற்குக் கோடை இரவு. கலிஃபோர்னியாவிலேயே சூடான சமவெளியில் நட்டால் கிளைக்கருகல் நோய் பிடித்து இளைத்துப்போகிறது. இலுப்பை நடுங்கள். தலைமுறைகள் நிற்கும், பூவில் இனிப்பு, விதையில் எண்ணெய், அடியில் நிழல். செக்கோயா இல்லா ஊருக்கு இலுப்பையே ராட்சசன்.

கே: செக்கோயா விதை நிலவுக்குப் போனதாமே? (ஹூஸ்டன் சிறுவன்)

ப: போனது தம்பி! 2022 நவம்பரில் கிளம்பிய ஆர்ட்டெமிஸ்-1 விண்கலத்தில் ஐந்து வகை மர விதைகள் போயின. ராட்சத செக்கோயா அதில் ஒன்று. நிலவைச் சுற்றிவிட்டு டிசம்பரில் திரும்பின. முளைத்த கன்றுகளைப் பள்ளிகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் நாசா கொடுத்தது. உங்கள் பள்ளி கேட்டதா என்று தலைமையாசிரியரை நச்சரிக்கவும்.

கே: தொட்டியில் பத்து வருஷம் வைத்துவிட்டுக் கொல்லையில் நடலாம் என்றிருக்கிறேன். வீட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி? (கிளாஸ்கோ வாசகர்)

ப: முதலில், பத்து வருஷம் வேண்டாம். இரண்டு, மூன்று வயதில் இடுப்புயரம் வருமுன் தரைக்கு மாற்றினால் வேர் கெடாது. இரண்டாவது, உங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் பென்மோர் தோட்டம் இருக்கிறது. 1863இல் நட்ட செக்கோயா வரிசை, இன்று 50 மீட்டரைத் தொடும் உயரம். ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். பிறகு உங்கள் கொல்லையைப் பாருங்கள். அடிக்கணக்கு தானே விளங்கும்.

கே: பிரிட்டனுக்கு இந்த மரம் வந்தது எப்படி? (லெஸ்டர் வாசகி)

ப: 1853இல், விதையாக. வில்லியம் லாப் என்ற செடி சேகரிப்பாளர் எக்ஸிட்டர் நகர வீட்ச் நர்சரிக்குக் கொண்டுவந்தார். அதே 1853இல் கலிஃபோர்னியாவில், கலவெராஸ் தோப்பின் மாபெரும் மரம் ஒன்றைக் காட்சிப் பொருளுக்காகத் துளையிட்டு வீழ்த்தி, அடிமரத்தை நடன மேடையாக்கினார்கள். ஒரே ஆண்டு, ஒரே மர இனம்: ஒரு கூட்டம் விதையைப் பொறுக்கியது, ஒரு கூட்டம் மரத்தைத் தள்ளியது. இதன் உறவினமான கடலோர ரெட்வுடையும் சேர்த்து பிரிட்டனில் ஏறக்குறைய 5 லட்சம் மரங்கள் என்று 2024இல் ஓர் ஆய்வு சொன்னது. பொறுக்கிய கூட்டம் ஜெயித்தது.

கே: நெருப்பைத் தாங்கும் மரம் என்றால், சமீபத்துத் தீயில் ஏன் செத்தன? (பெர்க்லி வாசகர்)

ப: தரையோடு ஓடும் சின்னத் தீயை இரண்டடித் தடிப்புள்ள பட்டை தாங்கும். நூறாண்டு சேர்ந்த சருகும், வறட்சியும், வெப்பமும் கூடிய தீ உச்சிக்கே ஏறிவிட்டது. 2020 காஸில் தீயும், 2021இல் கேஎன்பி, விண்டி தீக்களும் சேர்ந்து, உலகின் பெரிய செக்கோயாக்களில் 13 முதல் 19 சதவீதத்தைக் கொன்றன. ஜெனரல் ஷெர்மனின் அடியில் அலுமினியப் போர்வை சுற்றினார்கள். 3,000 ஆண்டு வாழக்கூடிய மரங்கள் இரண்டே கோடையில் போனதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. இதற்குப் பஞ்ச் கிடையாது.

கே: அப்படியானால் என் தொட்டிக் கன்றுகளை நானே அந்தத் தோப்பில் நட்டுவிட்டு வரலாமா? கூடவே, கோயம்புத்தூர் தம்பிக்கு நாலு காய் பொறுக்கி வரவா? (சான் ஹோசே வாசகி)

ப: மனசு பெரிது, ஆனால் இரண்டும் வேண்டாம். தொட்டி மண்ணில் கண்ணுக்குத் தெரியாத வேரழுகல் கிருமிகள் பயணம் செய்யும். காட்டுக்குள் போனால் திரும்ப அழைக்க முடியாது. அங்கே நடுவது அந்தந்தத் தோப்பின் விதையை அறிந்த வனத்துறையினர் வேலை. தேசியப் பூங்காவில் காயைத் தொடாமல் விட்டு வாருங்கள், எடுப்பது குற்றம். இந்தியாவுக்கு விதை கொண்டுபோக இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும்; பெட்டிக்குள் சேலைக்கு நடுவே ஒளித்துப் போகும் சமாச்சாரமில்லை. கன்றை உங்கள் ஊரிலேயே, குளிர் விழும், இடம் பரந்த ஒரு நிலத்தில், உரிமையாளரின் சம்மதத்தோடு நடுங்கள். முதல் இரண்டு மூன்று கோடைக்கு வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். அந்தத் தண்ணீர்தான் நீங்கள் அதற்குச் செய்ய வேண்டிய கடைசி உதவி; அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.